ஆஸ்திரேலியாவின் தகவல்தொடர்பு, கலைத் துறையை மூடியதில் உண்மையில் என்ன போனது?

கான்பெரா_குளிர்

ஒரே பெயரில் இரண்டு முறை பிறந்து இரண்டு முறையும் காணாமல்போன துறை ஒன்று இந்த ஊரில், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், இருந்தது. தகவல்தொடர்பு, கலைத் துறை. முதல் முறை 1994-இல், பால் கீட்டிங் பிரதமராக இருந்தபோது. இரண்டாவது முறை 2015 செப்டம்பரில், பிரதமர் டோனி அபாட்டைக் கவிழ்த்துவிட்டு மால்கம் டர்ன்புல் பதவிக்கு வந்த அடுத்த வாரமே. அதுவரை தகவல்தொடர்பு அமைச்சராக இருந்தவர் டர்ன்புல்தான். தன் பழைய துறையிடமே கலையையும் கொடுத்து அதை மிட்ச் ஃபிஃபீல்டிடம் ஒப்படைத்தார்.

2019 டிசம்பர் 5 அன்று பிரதமர் ஸ்காட் மாரிசன் 18 துறைகளை 14 ஆகக் குறைப்பதாக அறிவித்தார். துறைச் செயலர் மைக் மர்டாக் தன் ஊழியர்களுக்கு எழுதியது பத்திரிகைகளில் வந்தது: முந்தின நாள் சாயங்காலம்தான் தனக்கே தெரியும், கருத்துச் சொல்லக்கூட வாய்ப்புத் தரவில்லை என்று. இந்த ஊரில் செயலர்கள் அப்படியெல்லாம் எழுதமாட்டார்கள். ஐந்து செயலர்களுக்கு வேலை போனது, அவரும் அதில் ஒருவர். 2020 பிப்ரவரி 1 முதல் எல்லாம் உள்கட்டமைப்பு, போக்குவரத்து, பிராந்திய வளர்ச்சி, தகவல்தொடர்புத் துறை என்ற மூச்சுமுட்டும் பெயருக்குள் போய்விட்டது. அந்தப் பெயரில் கலை இல்லை.

அன்றைக்குக் கலைக்காரர்களிடம் எழுந்த கூச்சல் நியாயமானது, ஆனால் இடம் தவறியது என்பது என் எண்ணம். வாசலில் எந்தப் பலகை மாட்டியிருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். கலைக்கான பணத்தை அமைச்சர் பங்கு போடுகிறாரா, அமைச்சர் கை படாத இடத்தில் சக கலைஞர்கள் பங்கு போடுகிறார்களா என்பதுதான் விஷயம். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

கேபிள்காரன்

அடிக்க வரவில்லை, வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். நான் தொலைத்தொடர்பில் இருப்பவன். எங்களுக்கு அந்தத் துறை என்றால் என்பிஎன்தான், அதாவது நாடு முழுக்க இணையம் கொடுக்கும் அரசு அகலப்பட்டை வலையமைப்பு. கலையும் அங்கே இருந்தது என்று பலருக்கு மூடியபோதுதான் தெரியும்.

2009-இல் கெவின் ரட் ஆரம்பித்தபோது 90 சதவீத வீடுகளுக்கு வாசல்வரை கண்ணாடி இழை என்றார்கள். 2013-இல் ஆட்சி மாறியது. தெருமுனைப் பெட்டிவரை மட்டும் இழை, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பி என்று மாற்றியவர் அப்போதைய தகவல்தொடர்பு அமைச்சர் டர்ன்புல். செம்பில் தூரம் கூடக் கூட வேகம் குறையும், பெட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வேகம், தெருவின் கடைசி வீட்டுக்கு வேறு வேகம், இருவரும் கட்டுவது ஒரே மாதக் கட்டணம். கடைசியில் 2020 செப்டம்பரில் அப்போதைய அமைச்சர் பால் ஃப்ளெட்சர் 350 கோடி டாலர் போட்டு மறுபடி இழையை வீடுவரை இழுப்போம் என்று அறிவித்தார். அதுவும் துறையை மூடிய பிறகு!

2018-இல் 5ஜி அலைக்கற்றை ஏலம் மட்டும் 85 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பெரிய பணம் புரளும் இடத்தில், ஒரு நாடகக் குழு இரண்டு லட்சம் டாலர் கேட்டு எழுதும் கடிதத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? ஒன்றாகச் சேர்த்ததே தப்பு. மூடியதை விடுங்கள், சேர்த்ததைக் கேளுங்கள்.

கான்பெரா_குளிர்

சேர்த்ததில் ஒரு கணக்கு இருந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம்: அலைவரிசை தகவல்தொடர்பு, அதில் ஓடும் நாடகம் கலை. பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி, பன்மொழி ஒலிபரப்பான எஸ்பிஎஸ், திரைப்படங்களுக்கு நிதி தரும் ஸ்க்ரீன் ஆஸ்திரேலியா, திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் எல்லாம் ஒரே அமைச்சரின் கீழ் இருப்பதில் தப்பில்லை. 1994-இல் கீட்டிங் கொண்டுவந்த கலாசாரக் கொள்கைக்கு 25 கோடி டாலர் ஒதுக்கினார்கள், அதில் ஒரு பெரிய பகுதி பல்லூடகத்துக்கு. அப்போது பல்லூடகம் என்றால் சிடி-ராம். ஆஸ்திரேலிய வரலாற்றையும் கலையையும் வட்டில் ஏற்றிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும் திட்டம். வட்டு இப்போது எந்த அலமாரியில் கிடக்கிறதோ. ஆனால் கம்பியையும் அதில் போகும் சரக்கையும் சேர்த்து யோசிக்கவேண்டும் என்ற நினைப்பு தவறில்லை.

அதன்பிறகு கலை போன பாதையைப் பாருங்கள். 1998-இல் தகவல் தொழில்நுட்பத்தோடு. 2007-இல் சுற்றுச்சூழல், தண்ணீர், பாரம்பரியத்தோடு, மிட்நைட் ஆயில் பாடகர் பீட்டர் காரெட் அமைச்சர். 2010-இல் பிரதமர் துறை. 2011 கடைசியில் பிராந்திய ஆஸ்திரேலியா, விளையாட்டோடு. 2013-இல் அட்டர்னி ஜெனரல் துறை. 2015-இல் தகவல்தொடர்பு. 2020-இல் நெடுஞ்சாலை. வருடா வருடம் வாடகை வீடு மாறும் குடும்பத்தின் பிள்ளை எந்தப் பள்ளியில்தான் முழுசாகப் படிக்கும்.

நாடகப்பித்து (மெல்பர்ன்)

அண்ணை, நீங்கள் சொன்ன பட்டியலில் 2013-ஐ ஒரு சொல்லோடு தாண்டிவிட்டீர்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது அங்கேதான்.

2014 தொடக்கத்தில் சிட்னி பினாலே என்ற கலை விழாவின் பெரிய புரவலர் டிரான்ஸ்ஃபீல்ட். அதே பெயருள்ள நிறுவனம் மானுஸ், நவுறு தீவுகளில் அகதிகளை அடைத்துவைத்த தடுப்பு முகாம்களை நடத்தும் ஒப்பந்தம் வைத்திருந்தது. அந்த முகாம்களில் எங்கட ஆட்களும் இருந்தவை என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கலைஞர்கள் பலர் பங்கேற்கமாட்டோம் என்றார்கள், பினாலே அந்த உறவை முறித்தது. உடனே அட்டர்னி ஜெனரலும் கலை அமைச்சருமான ஜார்ஜ் பிராண்டிஸ் கலைஞர்களுக்கு அரசுப் பணத்தைப் பங்கு போடும் ஆஸ்திரேலியா கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார்: நியாயமில்லாத காரணத்துக்காகத் தனியார் புரவலரை மறுக்கும் அமைப்புகளுக்கு அரசுப் பணம் கொடுக்காமலிருக்க ஒரு கொள்கை வகுக்கவேண்டும் என்று.

அடுத்த வருடம், 2015 மே பட்ஜெட். கவுன்சிலிடமிருந்து நான்கு வருடத்துக்குச் சுமார் 10 கோடியே 47 லட்சம் டாலரை எடுத்து, அமைச்சகமே நேரடியாகக் கொடுக்கும் புதிய 'சிறப்புத் திட்டம்' ஒன்றுக்கு மாற்றினார். பலரும் அந்தக் கடிதத்துக்கும் இந்தப் பட்ஜெட்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள், நானும் போடுகிறேன். செனட் விசாரணை வைத்தது, 2,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் மட்டும் நடத்தும் ஒரு குட்டிக் குழுகூட இரவிருந்து எழுதி அனுப்பியது.

செப்டம்பரில் ஃபிஃபீல்ட் வந்தார், புதுத் துறை வந்தது. அவர் திட்டத்துக்குப் பெயர் மாற்றினார், வருடத்துக்கு 80 லட்சம் வீதம் 3 கோடியே 20 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார், மிச்சத்தை வைத்துக்கொண்டார். 2016 மே மாதம் கவுன்சில் நான்கு வருட நிதிப் பட்டியலை வெளியிட்டபோது 60-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பெயர் அதில் இல்லை. மீஞ்சின் மாதிரி 1940-இல் தொடங்கிய இலக்கிய இதழுக்கும் இல்லை. கலைக்காரர்கள் அதைக் கறுப்பு வெள்ளி என்று இன்றைக்கும் சொல்லுகினம். 2017-இல் அந்தத் திட்டத்தையே மூடி, பெரும்பகுதிப் பணம் கவுன்சிலுக்குத் திரும்பியது. ஆனால் இடையில் மூடிப்போன குழு திரும்பி வருமே?

ஆக நீங்கள் சொல்வது சரி. பலகையில் கலை என்று எழுதியிருந்த துறைதான் அந்தக் கறுப்பு வெள்ளியன்று இருந்தது.

சும்மா_படிப்பவன்

இதில் தமிழனுக்கு என்ன கிடைக்கிறது? தலைப்பைப் பார்த்து வந்தேன், தலை சுற்றுகிறது.

வானொலி_ரசிகை

உங்களுக்கு என்ன கிடைக்கிறதென்றால், எஸ்பிஎஸ் தமிழ் கிடைக்கிறது. 1975-இல் சிட்னியில் ஒன்று, மெல்பர்னில் ஒன்று என்று இரண்டு பன்மொழி வானொலியோடு ஆரம்பித்தது, 1978-இல் எஸ்பிஎஸ் ஆனது. எந்த மொழிக்கு எவ்வளவு நேரம் என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மறுபடி மறுபடி பிரிப்பார்கள். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது மட்டும் இல்லை, எத்தனை பேருக்கு ஆங்கிலம் சரளமில்லை, எத்தனை பேர் புதிதாக வந்தவர்கள், எத்தனை பேர் வயதானவர்கள் என்பதெல்லாம் கணக்கு. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கு மேல். அதனால்தான் படிவம் வரும்போது வீட்டுமொழிக் கட்டத்தில் ஆங்கிலம் என்று நிரப்பாதீர்கள் என்று எங்கள் சங்கத்தில் கத்துவோம். பிள்ளைகள் இங்கிலீஷ்தானே பேசுகிறார்கள் என்று பெருமையாக நிரப்புகிறவர்கள் உண்டு, அப்புறம் நிகழ்ச்சி நேரம் குறைந்துவிட்டது என்று புலம்புவதும் அவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமைச்சர் கை படாத இடம் என்கிறீர்களே, ஒலிபரப்பில் அது எவ்வளவு நிஜம்? 2018 பட்ஜெட்டில் ஏபிசிக்கு விலைவாசிக்கு ஏற்ற உயர்வை மூன்று வருடம் நிறுத்தினார்கள், சுமார் 8 கோடியே 40 லட்சம் டாலர். அதற்கு முன்பே 2014-இல் ஐந்து வருடத்துக்கு 25 கோடிக்கு மேல் வெட்டு. சட்டப்படி யாரும் செய்தியறைக்குள் கைவைக்கவில்லை. ஆனால் அமைச்சர் ஏபிசி செய்திகள் பற்றிப் புகார்க் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். 2018 செப்டம்பரில் நிர்வாக இயக்குநர் மிஷெல் கத்ரியை வாரியம் நீக்கியது, அடுத்த சில நாளில் தலைவர் ஜஸ்டின் மில்னும் விலகினார், அரசுக்குப் பிடிக்காத நிருபர்கள் பற்றி அவர் எழுதிய மின்னஞ்சல்கள் வெளிவந்த பிறகு. கை படவில்லை, ஆனால் மூச்சுக்காற்று படும் தூரம்.

விருத்தகிரி_அடிவாரம்

விருத்தாசலத்திலிருந்து எழுதுகிறேன். இந்த விவாத இழையை முழுதும் படித்தேன், எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று ஆச்சரியம்.

கான்பெரா தேசிய கலைக்கூடமும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது. 2005-இல் அவர்கள் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஒரு சோழர் காலப் பிரத்யங்கிரா கற்சிலை வாங்கினார்கள். அது எங்கள் விருத்தகிரீஸ்வரர் கோயில் சிலை. இதே கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் சிட்னி கலைக்கூடத்தில் இருந்தார். 2008-இல் கான்பெரா கலைக்கூடத்தார் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கினார்கள். திருட்டு என்று எப்படித் தெரிந்தது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல வருடங்களுக்கு முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். படத்தில் சாமி கோயிலில் இருக்கிறார், வியாபாரி காட்டிய பத்திரத்தில் அதற்கு முன்பே இந்தியாவைவிட்டுப் போய்விட்டார். வெட்டு, விரிசல், பிரபையில் உடைந்த இடம் ஒவ்வொன்றும் படத்தோடு பொருந்தியது.

நடராஜரையும் அர்த்தநாரீஸ்வரரையும் 2014 செப்டம்பரில் அபாட் டெல்லியில் கொண்டுவந்து கொடுத்தார். பிரத்யங்கிராவை 2016 செப்டம்பரில் கான்பெராவில் வைத்து ஒப்படைத்தார்கள், ஃபிஃபீல்ட்தான் அமைச்சர். 2020-இல் திருநெல்வேலி அத்தாளநல்லூர் கோயில் துவாரபாலகர்கள் திரும்பினார்கள், 2021-இல் இன்னும் 14 பொருள்களைத் தருவதாகக் கலைக்கூடம் அறிவித்தது. 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு சிலை வழக்கில் கபூருக்குப் பத்து வருடம் கொடுத்தது.

இப்போது என் கேள்வி. நடராஜரை வாங்கியது எந்த அமைச்சரின் நெருக்கடியாலும் இல்லை. அமைச்சர் கை படாத சுதந்திரமான கலைக்கூடம், சுதந்திரமான வாரியம், நிபுணர்கள் எல்லாம் உட்கார்ந்துதான் வாங்கினார்கள். திருப்பிக் கொடுக்க வைத்தது ஒரு அரசின் கோரிக்கையும், 1986-ஆம் வருடத்துக் கலாசாரச் சொத்துச் சட்டமும், அதைப் பார்த்துக்கொள்ளும் துறையும். உங்கள் தத்துவப்படி இதை எங்கே வைப்பீர்கள்?

நாடகப்பித்து

நல்ல கேள்வி ஐயா. ஆனால் பணம் கொடுக்கும் முடிவும் திருட்டுப்பொருள் வாங்கும் முடிவும் ஒன்றல்ல. ஒன்று ரசனை, மற்றது சட்டம். ரசனையில் அமைச்சர் வரக்கூடாது, சட்டத்தில் எல்லோரும் வரவேண்டும். பத்திரம் போதாது என்று கலைக்கூடத்தின் சட்ட ஆலோசகரே எச்சரித்திருந்தார், ஆனால் வாங்கினவைக்கு அந்தச் சிலையின் மேல் அவ்வளவு ஆசை.

கான்பெரா_குளிர்

அதோடு 1973-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்சன் பாலக்கின் ஓவியம் ஒன்றை 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினார்கள், கலைக்கூடம் தானாக வாங்கும் வரம்பைத் தாண்டிய தொகை என்பதால் பிரதமர் விட்லம் ஒப்புதல் கொடுக்கவேண்டியிருந்தது. நாடே கொதித்தது, குடிகாரன் கிறுக்கியதற்கு மக்கள் பணமா என்று. அந்த ஓவியம்தான் இன்று கலைக்கூடத்தின் பெருமை. அங்கே அரசியல்வாதி கையெழுத்துப் போட்டார், ஆனால் எதை வாங்குவது என்று தேர்ந்தது அவர் இல்லை. ஸ்ரீபுரந்தான் விஷயத்தில் தேர்ந்தவர்களை வெளியிலிருந்து யாரும் தடுக்கவில்லை. தேர்வு அவர்களிடம், தணிக்கை வெளியே. என் பதில் அவ்வளவுதான். விருத்தாசலத்துக்காரருக்கு இது போதாது என்று தெரிகிறது.

விருத்தகிரி_அடிவாரம்

போதாதுதான். நடராஜர் திரும்பி வந்து ஸ்ரீபுரந்தானுக்கா போனார்? கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். தணிக்கையைப் பற்றி நம் பக்கமும் பேசவேண்டியது நிறைய. அது வேறு இழை.

கேபிள்காரன்

மறுபடி நான். ஒரு விஷயம் உறுத்துகிறது. 2013-இலிருந்து 2015 வரை கலை அட்டர்னி ஜெனரல் துறையில் இருந்தது, அந்தப் பெயரிலும் கலை இல்லை. 2010-இல் பிரதமர் துறையில் இருந்தபோதும் இல்லை. அப்போதெல்லாம் இந்த ஒப்பாரி கேட்கவில்லை. 2020-க்கு மட்டும் ஏன்? ஃப்ளெட்சர் அமைச்சராகவே தொடர்ந்தார், அவர் பதவிப்பெயரில் கலை அப்படியே இருந்தது.

இன்னொரு வேடிக்கை. 2018 ஆகஸ்ட் 23 அன்று 5ஜியில் சீன நிறுவனமான ஹுவாவேக்கு இடமில்லை என்ற அறிக்கை ஃபிஃபீல்ட், மாரிசன் இருவர் பெயரிலும் வந்தது. அதே நாள் ஃபிஃபீல்ட் டர்ன்புல்லுக்கு ஆதரவில்லை என்று பதவி விலகல் கொடுத்தார். மறுநாள் மாரிசன் பிரதமர், ஃபிஃபீல்டுக்குப் பழைய நாற்காலி திரும்பக் கிடைத்தது. அடுத்த வருடம் அந்த நாற்காலி இருந்த துறையையே மாரிசன் எடுத்துவிட்டார். இதுபோன்ற கதையை நீங்கள் மேடையில் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

நாடகப்பித்து

2020-க்கு மட்டும் ஏனென்றால் மார்ச் வந்தது. துறை போய் இரண்டு மாதம் ஆகவில்லை, கொரோனாவில் எல்லா அரங்கமும் ஒரே வாரத்தில் பூட்டு. சம்பள உதவித் திட்டத்தில் ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்யாத தற்காலிகத் தொழிலாளிக்கு இடமில்லை. நாடகத்தில், இசையில் எவன் ஒரே முதலாளியிடம் 12 மாதம் இருப்பான்? மூன்று கிழமை ஒரு காட்சி, பிறகு வேறு கொம்பனி. ஜூனில்தான் 25 கோடி டாலர் உதவி அறிவித்தார்கள், அதிலும் கடன் ஒரு பங்கு. திட்டத்தை வரையும் மேசையில் எங்கட வேலை எப்படி நடக்குது என்று தெரிந்த பெரிய அதிகாரி ஒருவர் இருந்திருந்தால் அந்த 12 மாத வரியைப் பார்த்ததும் கைதூக்கியிருப்பார். செயலர் மட்டத்தில் ஒரு ஆள் வேணும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கான்பெரா அண்ணை, பணம் யார் கையில் என்பது முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலகை இரண்டாம்பட்சம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கான்பெரா_குளிர்

அந்த இடத்தில் உங்கள் வாதம் பலமானது. ஆனால் 12 மாத விதி கருவூலத்தில் வரைந்தது, செயலர் கைதூக்கியிருந்தாலும் கேட்டிருப்பார்களா? மர்டாக்கிடம் அவருடைய துறையை மூடுவதைப் பற்றியே கேட்கவில்லை.

பலகை திரும்பி வந்ததும் பாருங்கள். 2022-இல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்து துறைப் பெயரில் கலையைச் சேர்த்தது. 2023 ஜனவரியில் கலை அமைச்சர் டோனி பர்க்கின் புதுக் கலாசாரக் கொள்கை, 28 கோடியே 60 லட்சம் டாலர், ஆஸ்திரேலியா கவுன்சிலுக்கு கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா என்று புதுப்பெயர். எல்லாம் நல்லபடி. 2025 பிப்ரவரியில் வெனிஸ் பினாலேக்கு கலைஞர் காலித் சப்சாபியைத் தேர்ந்தார்கள். செனட்டில் அவருடைய பழைய படைப்பு பற்றி ஒரு கேள்வி வந்தது, அன்று இரவே வாரியம் கூடி அவரை நீக்கியது. பலகையில் கலை இருந்தது, அமைச்சர் நீக்கச் சொல்லவில்லை என்றார், வாரியம் தானே பயந்தது. ஜூலையில் மறுபடி சேர்த்தார்கள். இதற்கு எந்தத் துறை அமைப்பில் மருந்து இருக்கிறது என்று யாராவது சொன்னால் படிக்கிறேன்.

வானொலி_ரசிகை

2025-இல் விளையாட்டும் சேர்ந்துவிட்டது. உள்கட்டமைப்பு, போக்குவரத்து, பிராந்திய வளர்ச்சி, தகவல்தொடர்பு, விளையாட்டு, கலை. வாசிப்பாளருக்கு ஒரே மூச்சில் சொல்ல முடியாது, நான் முயன்று பார்த்தேன்.

சும்மா_படிப்பவன்

சரி, உருப்படியாக ஒன்று கேட்கிறேன். நூலகத்தில் புத்தகம் இருந்தால் எழுத்தாளருக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டம் இந்தத் துறையில்தானே இருந்தது? என் மாமா இங்கே இரண்டு நூல் போட்டிருக்கிறார். துறை போனதோடு அதுவும் போய்விட்டதா?

கான்பெரா_குளிர்

போகவில்லை. 1970-களின் நடுவில் ஆரம்பித்த திட்டம், எத்தனை துறை மாறியும் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது மேலே சொன்ன நீளப்பெயர்த் துறையின் கலை அலுவலகம் நடத்துகிறது. புதுக் கொள்கைக்குப் பிறகு மின்னூல், ஒலிநூலுக்கும் உண்டு. மார்ச் 31-க்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் மாமாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: பொது நூலகங்களில் குறைந்தது 50 பிரதியாவது இருப்பதாக அவர்கள் கணக்குக்கு வரவேண்டும், அப்போதுதான் பணம். தமிழ் நூலுக்கு அது கஷ்டம். மெல்பர்ன், சிட்னியில் தமிழ் அலமாரி வைத்திருக்கும் நகராட்சி நூலகங்களைப் பிடித்து, புதிய நூல் பரிந்துரைக்கும் படிவத்தை உறுப்பினர்கள் ஆளாளுக்கு நிரப்பிக் கொடுத்தால் கொஞ்சம் எண்ணிக்கை ஏறும். நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள்.